ஒத்துக்கிடு அக்காவும் பிப்ரவரி மழையும்

மும்பையில் டிக்கெட் பரிசோதகரை ஏமாற்றலாம். கல்லூரி ஆபீஸ் கிளார்க்கை ஏமாற்றலாம். மாதுங்காவில் இருபது வருஷமாக என்னைக் கண்கொத்திப் பாம்பாகப் பார்த்துக்கொண்டிருக்கும் என் அம்மாவைக்கூட, நேரம் நன்றாக இருந்தால், ஏமாற்றலாம். தாராவியில் ஓர் இரும்பு ஏணிக்கு மேலே உட்கார்ந்திருந்த ஒத்துக்கிடு அக்காவை ஏமாற்றியவர் மட்டும் இந்த ஊரில் ஒருத்தரும் கிடையாது. நான் ஒருமுறை ஏமாற்றினேன். அதாவது, ஏமாற்றிவிட்டதாக இரண்டு வருஷம் நம்பிக்கொண்டிருந்தேன்.

முதலில் சமாச்சாரத்தைச் சொல்லிவிடுகிறேன். நாலு சக்கரம் வைத்த பலகையில் நின்றுகொண்டு பிள்ளைகள் போவார்களே, ஸ்கேட்போர்டு, அதற்கு அடியில் ஒரு பேட்டரியும் மோட்டாரும் மாட்டி, கையில் ஒரு ரிமோட்டையும் பிடித்துக்கொண்டால் அது எலெக்ட்ரிக் ஸ்கேட்போர்டு. கடையில் போய் விலை கேட்டால் அப்பாவுக்கு நெஞ்சு வலிக்கும். அதனால் நாங்கள் வீட்டிலேயே செய்தோம். நாங்கள் என்றால் மாதுங்கா, செம்பூர், ஆண்டாப் ஹில் என்று சிதறிக் கிடந்த பதினோரு பைத்தியங்கள். பலகை யார் வீட்டுப் பழைய கட்டிலிலிருந்தாவது வரும். மோட்டார் கூரியரில் வரும். பேட்டரிக்கும் மோட்டாருக்கும் நடுவே சோப்பு டப்பா அளவில் ஒரு பெட்டி உட்கார்ந்துகொண்டு, எவ்வளவு கரண்ட் போகலாம், எவ்வளவு திரும்பி வரலாம் என்று தீர்மானிக்கும். அதன் பெயர் கன்ட்ரோலர். அதற்கு ஒழுங்காகத் தெரிந்த ஒரே வேலை எரிந்துபோவது.

எரிந்த கன்ட்ரோலரைக் கொண்டுபோனால் எல்லாக் கடையிலும் ஒரே பதில்தான்: தூக்கிப் போடு, புதுசு வாங்கு. அக்கா மட்டும்தான் பிரித்துப் பார்ப்பாள். அப்போது அவளுக்கு முப்பது வயசு இருக்கலாம். ஐ.டி.ஐ. படித்தவள். மிக்ஸி, எல்.இ.டி. விளக்கு, பேட்டரி ஸ்கூட்டர் என்று ரிப்பேர் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறந்து வளர்ந்தது எல்லாம் தாராவி. திருநெல்வேலிக்குப் போனதே இரண்டு கல்யாணத்துக்குத்தான். பேச்சு மட்டும் இன்று காலையில்தான் ரயிலை விட்டு இறங்கியவள் மாதிரி.

சந்தில் ஒருவர் போனால் எதிரே வருகிறவர் சுவரோடு ஒட்டிக்கொள்ள வேண்டும். கீழே பை தைக்கும் பட்டறை, மேலே அக்காவின் பரண். போர்டை முதுகில் கட்டிக்கொண்டு, கயிற்றைப் பிடித்து ஏணி ஏறி, தலையை இடித்துக்கொண்டு உள்ளே போனால், ஒரு காலி பெயின்ட் டின். அதில்தான் உட்கார வேண்டும். அது குற்றவாளிக் கூண்டு. அக்கா போர்டைத் தொடமாட்டாள். நம் முகத்தைப் பார்ப்பாள்.

"என்ன பண்ணுன? ஒத்துக்கிடு."

செய்த தப்பை ஒத்துக்கொள்ளாமல் ஸ்க்ரூ டிரைவரைக் கையில் எடுப்பதில்லை என்பது அவள் சட்டம். ஹர்ஷ் என்ற குஜராத்திப் பையன் முதல் தடவை வந்தபோது பெரிய மனுஷத்தனமாக, "அப்னே ஆப் ஹோ கயா, தீதி" என்றான். தானாகவே ஆகிவிட்டதாம்.

"தானாவா? ரோட்டுல போயிட்டு இருக்கும்போதே அதுக்கு வாழ்க்கை வெறுத்துட்டோ? ஒத்துக்கிடு லே."

ஹர்ஷுக்குத் தமிழில் ஓர் எழுத்துக்கூடத் தெரியாது. ஆனால் அந்தப் பார்வையைத் தாங்க முடியாமல் மூன்றே நிமிஷத்தில், சிவப்பு ஒயரையும் கறுப்பு ஒயரையும் மாற்றிக் கொடுத்ததை ஹிந்தியில் கக்கிவிட்டான். ஒத்துக்கிடு என்பதுதான் அவள் பெயர் என்று நினைத்து போனிலும் அப்படியே போட்டுக்கொண்டான். அவனைப் பார்த்து மற்றவர்களும். அக்காவும் திருத்தவில்லை. "நல்ல பேருதான், இருக்கட்டும்" என்றாள்.

வாக்குமூலம் முடிந்த பிறகு அவள் செய்யும் காரியம்தான் விசேஷம். ஒரு துண்டு மாஸ்கிங் டேப்பில், குற்றத்தைத் தமிழில் எழுதி, கன்ட்ரோலர் பெட்டியின் மூடிக்கு உட்பக்கம் ஒட்டிவிடுவாள். வெளியே தெரியாது. மறுபடி எரிந்து மறுபடி திறந்தால் பழைய குற்றம் அவளைப் பார்த்துச் சிரிக்கும். எங்கள் கூட்டத்தில் தமிழ்ப் பிள்ளைகள் ஆறு பேர் இருந்தும், எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரிந்தது நான் ஒருத்திதான். சின்ன வயசில் அப்பா வாரப் பத்திரிகையைக் கையில் திணித்துத் திணித்து வந்த வினை. அதனால் மொழிபெயர்ப்பாளர் பதவி எனக்கு வந்தது.

ஹர்ஷ் தன் மூடியைத் திறந்து, "என்ன எழுதியிருக்கு?" என்று கேட்டான். பார்த்தேன். 'ஒயர மாத்திக் குடுத்துட்டுப் பேட்டரி மேல பழி போடுதான். மூதி' என்றிருந்தது.

"உன் கை ராசியான கையாம்" என்றேன்.

அவன் அந்த டேப்புக்கு மேலே கண்ணாடித் தாள் ஒட்டிப் பாதுகாத்தான். இன்றைக்கும் அவன் போர்டில் இருக்கிறது. ஹர்ஷ், இதை யாராவது உனக்குப் படித்துச் சொன்னால் என்னை மன்னித்துவிடு.

அக்காவின் மேஜையில் மீட்டருக்குப் பக்கத்தில் எப்போதும் ஒரு சிவப்பு நெயில் பாலிஷும், அதை அழிக்கிற ரிமூவரும், பஞ்சும் இருக்கும். அவள் விரல்களில் ஒருநாளும் பாலிஷ் பார்த்ததில்லை. கன்ட்ரோலருக்குள்ளே ஆறு கறுப்புச் சில்லுகள் இருக்கும். மாஸ்ஃபெட் என்று பெயர். கரண்டுக்குக் கதவைத் திறந்து மூடுவது அவைதான். அக்கா 'காவக்காரனுவ' என்பாள். மார்க்கெட்டில் வருகிறதில் பாதி போலி. மட்டமான சில்லைச் சுரண்டி, நல்ல பெயரை மேலே அச்சடித்து விற்பார்கள். பஞ்சில் ரிமூவரைத் தொட்டு ஒரு தேய்ப்பு. பெயர் பஞ்சோடு வந்துவிட்டால் போலி. "பாத்தியா, பேரு அழியுது. திருட்டுப் பய" என்று குப்பையில் போடுவாள்.

சிவப்புப் பாலிஷ் எதற்கு என்றால், அது அவளுடைய சொந்த போர்டுக்கு. ஆமாம், அவளுக்கும் ஒன்று இருந்தது. கூரைக்குக் கீழே கொக்கியில் தலைகீழாகத் தொங்கும். எங்கள் பதினோரு போர்டும் வெட்கப்படும்படியான வேலை. நூறு சில்லுகளைச் சோதித்து, ஒன்றுக்கொன்று இம்மி பிசகாமல் ஒத்துப்போகிற ஆறைப் பொறுக்கி, ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு சிவப்புப் பொட்டு வைத்து அதற்குள் பொருத்தியிருந்தாள். அந்தப் போர்டின் மேல் அவள் ஒரு தடவைகூட நின்றதில்லை.

"ஏன்க்கா ஓட்டல?"

"எங்கன ஓட்ட? இந்தச் சந்துலயா? ரோடு வரட்டும்."

அதற்குப் பதிலாக எங்களிடம் ரோடு கேட்பாள். ரிப்பேர் நடக்கும்போது பெயின்ட் டின்னில் இருக்கிறவர் கடைசியாகப் போன ரோட்டைச் சொல்ல வேண்டும். எவ்வளவு நீளம், எங்கே குழி, எந்த இடத்தில் வேகத்தடை, எல்லாம். செம்பூரில் இரண்டு பக்கமும் மரம் கவிந்த ஒரு ரோடு இருக்கிறது. அது அவளுக்கு மனப்பாடம். நான் ஒருநாள் அவசரத்தில் நாலாவது குழியை விட்டுவிட்டேன்.

"பால் பூத் தாண்டி ஒரு பள்ளம் உண்டுல்லா? அத யாரு மூடுனா?"

"மூடலக்கா, மறந்துட்டேன்."

"மறக்காத. சரி, மரத்துக்குக் கீழ போகும்போது சக்கரம் என்ன சத்தம் போடுது?"

"உய்ய்ய்ன்னு..."

"காஞ்ச எலை மேல ஏறுனா?"

நான் வாயாலேயே செய்து காட்டுவேன். அவள் சால்டரிங் அயர்னைப் பிடித்தபடியே கண்ணை மூடிக்கொள்வாள். சுடுமே என்று எனக்குப் பயமாக இருக்கும்.

இனி என் குற்றப் பட்டியல். ஸ்கேட்போர்டில் பிரேக் பிடித்தால் கரண்ட் மோட்டாரிலிருந்து திரும்பி பேட்டரிக்குள் போகும். பேட்டரி முழுசாக இருந்தால் உள்ளே இடம் இருக்காது. வந்த கரண்ட் கன்ட்ரோலரை எரித்துவிட்டுத்தான் ஓயும். நான் முதல் தடவை நூறு சதவீதம் சார்ஜோடு செம்பூர்ப் பாலத்து இறக்கத்தில் இறங்கிப் பிரேக்கை அமுக்கினேன். பட்டாசு மாதிரி ஒரு சத்தம்.

"டிரம் நெறஞ்ச பெறவும் பைப்ப மூடலேன்னா தண்ணி எங்கட்டி போகும்? வீட்டுக்குள்ளதான் வரும்" என்றாள் அக்கா. காலையில் தண்ணீர் வருகிற ஒரு மணி நேரத்துக்குள் டிரம் நிரப்பி வளர்ந்தவள். எனக்கு உடனே புரிந்தது. "பாலத்துல எறங்குதன்னா எண்பதுக்கு மேல சார்ஜ் ஏத்தாத."

ஏற்றவில்லை. எண்பதில் பிளக்கைப் பிடுங்கிவிட்டுக் குளிக்கப் போனேன். வந்து எடுத்துக்கொண்டு கிளம்பினேன். பாலத்தில் மறுபடி பட்டாசு. வீட்டுக்கு வந்து விசாரித்தால் அம்மா சொல்கிறாள்: "நான்தான் திரும்பச் சொருகினேன். வெளில போறச்சே அரை வயித்தோட அனுப்புவாளாடி?"

எங்கள் வீட்டை விட்டு எதுவும் அரைகுறையாக நிரம்பி வெளியே போனதில்லை. பேட்டரியும் அதில் அடக்கம் என்று எனக்குத்தான் தெரியவில்லை.

இதை ஒத்துக்கொண்டபோது அக்கா சால்டரிங் அயர்னைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். கீழே பை தைக்கிறவர்கள் மெஷினை நிறுத்திவிட்டு மேலே எட்டிப் பார்த்தார்கள். டேப்பில் 'அம்மா. முழு வயிறு' என்று எழுதினாள். பிறகு விரலை நீட்டி, "கேட்டுக்க. இதே தப்புக்கு மூணாவது தடவ வந்தா தொடமாட்டேன்" என்றாள். சிரித்துக்கொண்டே சொன்னாலும் சொன்னது சொன்னதுதான்.

அடுத்த பிப்ரவரியில் ஓர் அதிசயம் நடந்தது. ஒரு வருஷக் கெஞ்சலுக்குப் பிறகு, ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு எங்களோடு செம்பூர் மர ரோட்டுக்கு வர அக்கா சம்மதித்துவிட்டாள். தன் போர்டோடு. அதற்கென்று வெள்ளை கான்வாஸ் ஷூ வாங்கி, டப்பாவைப் பிரிக்காமல் மேஜை மேல் வைத்திருந்தாள். போகிறவர் வருகிறவரிடமெல்லாம், "பாலத்துக்கெல்லாம் வரமாட்டேன். மரத்துக்குக் கீழ மட்டும்தான்" என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

அந்த வாரம் செவ்வாய்க்கிழமை நான் பாலத்தில் இறங்கினேன். நூறு சதவீதம் சார்ஜ். தெரிந்தேதான். ஒருத்தன் வீடியோ எடுத்துக்கொண்டிருந்தான், வேகமாக வந்து சர்ரென்று நிற்க வேண்டும் என்று ஆசை. நின்றேன். புகையோடு.

பெயின்ட் டின்னில் உட்கார்ந்தேன். அக்கா என் முகத்தைப் பார்த்தாள்.

"என்ன பண்ணுன?"

மூன்றாவது தடவை. உண்மையைச் சொன்னால் தொடமாட்டாள். ஞாயிற்றுக்கிழமை அக்கா முதல்முறை ஓட்டும்போது நான் மட்டும் பிளாட்பாரத்தில் நிற்பேன். வாய் தானாகத் திறந்தது.

"மழைக்கா."

"மழையா?"

"ஆமாக்கா. நனைஞ்சிடுச்சு."

அக்கா மெதுவாகத் திரும்பி ஜன்னல் வழியாகக் கீழே பார்த்தாள். சந்து முழுக்கக் கவிழ்த்த கூடைகள் மேல் அப்பளம் காய்ந்துகொண்டிருந்தது. பிப்ரவரி வெயிலில் மொறமொறவென்று. மும்பையில் மழை நின்று நாலு மாசம் ஆகியிருந்தது.

"மழை" என்று இன்னொரு தடவை சொன்னாள்.

"செம்பூர்ல மட்டும்க்கா" என்றேன். இதைவிட மோசமான பொய்யை நான் வாழ்க்கையில் சொன்னதில்லை.

அக்கா போர்டைத் திருப்பிப் போட்டாள். மூடியைத் திறந்தாள். ஆறு காவல்காரர்களும் கருகிக் கிடந்தார்கள். "சில்லு வேணும்" என்றாள். நான் ஓடிப்போய் எலெக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த லாமிங்டன் ரோட்டிலிருந்து இரண்டு பாக்கெட் வாங்கிவந்தேன். பஞ்சில் தேய்த்தாள். இரண்டு பாக்கெட்டும் பஞ்சோடு போயிற்று. புதன்கிழமை இன்னொரு கடை, அதுவும் போலி. நல்ல சரக்கு வர இன்னும் பத்து நாள் ஆகும் என்றார்கள். நான் அழுகிற நிலைமைக்கு வந்துவிட்டேன்.

வெள்ளிக்கிழமை போன் வந்தது. "ஏட்டி, வந்து எடுத்துட்டுப் போ."

"எங்கக்கா கிடைச்சுது?"

"கெடச்சிட்டு. கேள்வி கேக்காத." மூடியைச் சுற்றி சிலிக்கான் பசை போட்டு ஒரு பொட்டு இடைவெளி இல்லாமல் அடைத்திருந்தாள். "மழைல போற பிள்ளல்லா. இனி தண்ணி போகாது. பையப் போ."

பைய என்றால் மெதுவாக. யார் ஏணி இறங்கினாலும் கடைசியாக அதைத்தான் சொல்வாள். நான் நாலு படி தாண்டிக் குதித்து இறங்கினேன். கொக்கியை நிமிர்ந்து பார்க்கவில்லை. பார்த்திருந்தாலும் என்ன தெரியும், மூடிய பெட்டிதானே.

ஞாயிற்றுக்கிழமை அக்கா சொன்ன நேரத்துக்கு வந்தாள். வெள்ளை ஷூ போட்டிருந்தாள். கையில் போர்டு இல்லை.

"அக்கா! போர்டு எங்க?"

"கால் சுளுக்கிட்டுட்டி. ஏணில தடுக்கிட்டேன். நீங்க போங்க, நான் பாக்கேன்."

எங்கள் பதினோரு பேரில் ஒருத்தருக்குக்கூட, சுளுக்கிய காலோடு செம்பூர் ஸ்டேஷனிலிருந்து ஒருத்தி எப்படி இருபது நிமிஷம் நடந்து வந்தாள் என்று தோன்றவில்லை. அவள் பெயரையே மந்திரமாகச் சொன்ன கூட்டம் நாங்கள். ஒருத்தரும், "ஒத்துக்கிடுங்க" என்று கேட்கவில்லை. ஐயோ பாவம் என்று சொல்லிவிட்டு ரோட்டுக்குப் போய்விட்டோம். நான் மரத்தடியில் மூன்று சுற்றுப் போனேன். ஒவ்வொரு சுற்றிலும் பால் பூத் பக்கம் அக்கா எங்கள் தண்ணீர் பாட்டில்களை இடுப்பில் அணைத்துக்கொண்டு நின்றிருந்தாள். கண்ணை மூடியிருந்தாள். வெயிலில் கண் கூசுகிறது போல என்று நினைத்தேன்.

அந்த வருஷம் கோடையில் சந்து காலியானது. கட்டிடத்தை இடிக்கப் போகிறார்கள் என்று ஒவ்வொரு குடும்பமாகக் கிளம்பியது. அக்காவுக்குத் தாணேயைத் தாண்டி, பேட்டரி ஆட்டோ செய்கிற ஒரு தொழிற்சாலையில் வேலை கிடைத்தது. எரிந்த கன்ட்ரோலர்களைப் பிரித்துப் பார்க்கிற வேலைதான். "இங்கன ஒரு பயலும் ஒத்துக்கிட மாட்டேங்கான்ட்டி. எல்லாரும் மெயில் அனுப்புதானுவ" என்றாள் போனில்.

போக நினைத்தேன். பரீட்சை, வேலை, அது இது என்று இரண்டு வருஷம் ஓடிவிட்டது. போன் மட்டும் வரும். அப்போதும் ரோடுதான் கேட்பாள். நானும் வாயால் இலைச் சத்தம் போட்டுக் காட்டுவேன், ஆபீஸ் லிஃப்டில் நின்றுகொண்டு. சுற்றி இருக்கிறவர்கள் ஒதுங்குவார்கள். போனை வைத்த பிறகு, அந்தப் பெயின்ட் டின் ஞாபகம் வரும். யாராவது என்னைப் பார்த்து ஒரு தடவை, "என்ன பண்ணுன?" என்று கேட்கமாட்டார்களா என்று இருக்கும்.

போன மாதம் அவள் குரலில் ஒரு துள்ளல். "ஏட்டி, இங்கன புதுசா ஒரு ரோடு போட்டுருக்கானுவ. வண்டிய ஓட்டிச் சோதிக்க. ஒரு குழி கெடையாது. சனிக்கெழம மத்தியானத்துக்கு மேல ஒரு ஆளு இருக்கமாட்டான்."

"அக்கா! ரோடு வந்துடுச்சு! போர்டை எடுங்க!"

"பாப்போம்."

"என்ன பாப்போம்? நீங்கதானே சொன்னீங்க, ரோடு வரட்டும்னு?"

"வந்துட்டுதான்" என்றாள். பிறகு, "சரி, நீ பையப் போ" என்று வைத்துவிட்டாள். எனக்குக் கோபம்கூட வந்தது.

போன ஞாயிற்றுக்கிழமை என் போர்டில் ஓர் ஒயர் ஆடியது. அந்தப் பிப்ரவரிக்குப் பிறகு அது ஒருநாளும் எரிந்ததில்லை, திறந்து பார்க்க அவசியமும் வந்ததில்லை. பிளேடால் சிலிக்கான் பசையைக் கீறி, மூடியைத் தூக்கினேன். உட்பக்கத்தில் பழைய டேப்புகளுக்குக் கீழே இன்னொரு டேப். அக்காவின் சாய்ந்த கையெழுத்து.

'மழைன்னு சொல்லுதா. சரி.'

சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே கீழே பார்த்தேன். ஆறு கறுப்புச் சில்லுகள் வரிசையாக. ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு சிவப்புப் பொட்டு.

இரண்டு வருஷமாக நான் அவள் போர்டைத்தான் ஓட்டிக்கொண்டிருந்திருக்கிறேன்.

கன்ட்ரோலரைக் கழற்றி, பஞ்சு வைத்துச் சுற்றி, அம்மாவின் டிபன் டப்பாவில் வைத்தேன். அம்மா வந்து பார்த்தாள். "யாருக்குடி?" என்றாள். தாணே பக்கத்தில் ஒரு அக்காவுக்கு என்றேன். "டப்பால பாதி எடம் காலியா இருக்கே" என்று சொல்லிக்கொண்டே மேல் தட்டு முழுக்க முறுக்கை அடுக்கிவிட்டாள்.

நாளைக்குச் சனிக்கிழமை. மத்தியான ரயிலில் போகிறேன். ஹர்ஷ் வீடியோ எடுக்க வரட்டுமா என்று கேட்டான், வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். வெள்ளை ஷூவை எடுத்து வைக்கச் சொல்லி அக்காவுக்கு மெசேஜ் போட்டாயிற்று. எதற்கு என்று சொல்லவில்லை. மாதுங்காவிலிருந்து தாணே போய்ச் சேருவதற்குள் மனப்பாடம் செய்துகொள்ள வேண்டிய வசனம் ஒன்று இருக்கிறது. இந்த நாலு நாளாகக் கண்ணாடி முன்னால் சொல்லிப் பார்க்கிறேன். அவள் பேசுகிற மாதிரியே சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் பாதியில் அழுதுவிடுவேன்.

"அக்கா, அன்னைக்கு மழை பெய்யல. ஒத்துக்கிடுதேன். உங்க காலும் சுளுக்கல. நீங்களும் ஒத்துக்கிடுங்க."